கிராணி மாமாவின் கணினிக் கேசட்டுகள்

பழைய கணினிக் கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய உங்கள் வீட்டில் இருந்தால், அச்சடித்த அட்டை போட்ட விளையாட்டுக் கேசட்டுகளைக் கடைசிக்கு ஒதுக்கிவிடுங்கள். பேனாவால் பெயர் எழுதிய கேசட்டுகளை முதலில் கையில் எடுங்கள். கடையில் விற்ற விளையாட்டுகள் எங்கும் போய்விடவில்லை. இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற பழைய வீட்டுக் கணினியின் விளையாட்டுகளை மட்டுமே 'வேர்ல்ட் ஆஃப் ஸ்பெக்ட்ரம்' போன்ற தளங்கள் 1995 முதல் சேர்த்து வைத்து வருகின்றன. ஆனால் தோட்டத்தில் கணக்கு எழுதும் ஒரு கிராணி இரவெல்லாம் விழித்து எழுதிய ரப்பர் பால் கணக்குப் புரோகிராம் உலகத்திலேயே அந்த ஒரு நாடாவில்தான் இருக்கிறது. நாடா போனால் அதுவும் போச்சு.

இப்படி அழுத்திச் சொல்லக் காரணம் என் தாய்மாமா. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பெரிய கிராணியாக இருந்தவர். 1980-களின் நடுவில், லண்டனில் படித்துத் திரும்பிய உறவுக்காரர் ஒருவர் 48கே ஸ்பெக்ட்ரம் ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். 1982-இல் வெளிவந்த கணினி அது. ரப்பர் விசை, ஒரு கையில் அடங்கும் கறுப்புப் பெட்டி. மாமா அதை வரவேற்பறை டெலிவிஷனில் மாட்டி, பாட்டுக் கேட்கும் ரெக்கார்டரையே சேமிப்புக் கருவியாக வைத்துக்கொண்டு, பேசிக் என்ற நிரல் மொழியைத் தானே படித்துக்கொண்டார். பகலில் செக்ரோல் என்ற சம்பளக் கணக்குப் புத்தகம், இரவில் அதே கணக்கு கணினியில். யாரும் கேட்டுச் செய்ததில்லை. பால் ஸ்டோரில் நிறுத்த எடை, பாலில் ரப்பர் எவ்வளவு என்று மெட்ரோலாக் கருவி காட்டிய அளவு, உறைந்த கட்டிப்பால், வேலை நாள் எல்லாவற்றையும் சேர்த்து ஒவ்வொரு ஆளுக்கும் சம்பளம் போட்டுப் பார்ப்பது அவருக்கு ஒரு சந்தோஷம்.

அப்புறம் தோட்டம் செம்பனைக்கு மாறியது, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியாகின, குடும்பம் பட்டணத்துத் தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, வந்தது. ஒவ்வொரு வீட்டு மாற்றத்திலும் அந்தப் பெட்டி மட்டும் கூடவே வந்திருக்கிறது. மாமா காலமான பிறகு அத்தை என்னைக் கூப்பிட்டு, "நீதான்யா இந்தக் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் பாக்குற. தூக்கிப் போடறதுக்கு முன்னால என்னான்னு பாரு" என்று கொடுத்தார். கணினி வேலை செய்யவில்லை. கேசட்டுகள் இருந்தன.

கேசட்டில் என்னதான் இருக்கிறது என்று புரிந்துகொண்டால் மீதி வேலை எளிது. ஸ்பெக்ட்ரம் தன் தகவலை ஒலியின் நேரத்தில் எழுதி வைக்கிறது. சுழியம் என்றால் இரண்டு குட்டையான துடிப்புகள், ஒன்று என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு நீளமான இரண்டு துடிப்புகள். கணக்காகச் சொன்னால், 3.5 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் சுழியத்தின் ஒவ்வொரு துடிப்பும் 855 தட்டு, ஒன்றின் ஒவ்வொரு துடிப்பும் 1710 தட்டு. ஒரு சுழியம் அரை மில்லிநொடியில் முடியும், ஒன்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு மில்லிநொடி. படிக்கும் கணினி அலை நடுக்கோட்டைக் கடக்கும் இடங்களுக்கு இடையே எவ்வளவு நேரம் என்று மட்டும் அளக்கிறது. சத்தம் பெரிதா சிறிதா என்பது அதற்குப் பொருட்டில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்தக் கோளாறுக்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெரிந்துவிடும். கொஞ்சம் இரைச்சல் பரவாயில்லை. நாடா வேகம் தள்ளாடுவதும், நடுவில் ஒரு நொடிப்பொழுது ஒலி அறுந்துபோவதும்தான் ஆபத்து.

காதால் கேட்டே ஸ்பெக்ட்ரம் கேசட்டை அடையாளம் காணலாம். முதலில் ஐந்து நொடிக்குச் சீரான 'பீ' என்ற ஒலி. அடுத்து ஒரு சின்னக் கரகரப்பு. அது தலைப்பு: நிரலின், அதாவது புரோகிராமின், பெயர், நீளம், வகை எல்லாம் 17 பைட்டில். பெயருக்குப் பத்து எழுத்துதான் இடம். சற்று அமைதி, மறுபடி இரண்டு நொடி 'பீ', அதன் பிறகு நீண்ட கரகரப்பு. அதுதான் நிரல். முடிவில் ஒரு பைட், எல்லா பைட்டுகளையும் சரிபார்க்க. நினைவகம் முழுக்க நிரம்பிய பெரிய நிரல் என்றால் இது ஐந்து நிமிடம் வரை ஓடும்.

முதல் வேலை பிளேயரில் போடுவதல்ல, கேசட்டைப் பார்ப்பது. நம் ஊர் ஈரக் காற்றில் இத்தனை வருஷம் கிடந்த நாடாவில் பூஞ்சை இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். சன்னல் வழியாகச் சுருளின் பக்கவாட்டைப் பாருங்கள். வெள்ளைப் பொடி அல்லது நரைத்த வட்டம் தெரிந்தால் அது பூஞ்சை. அப்படிப்பட்ட கேசட்டை நல்ல டெக்கில் ஒருபோதும் போடாதீர்கள். பூஞ்சை, நாடாவைப் படிக்கும் ஹெட்டிலும் உருளையிலும் ஒட்டி, அடுத்தடுத்துப் போடும் கேசட்டுகளுக்கெல்லாம் பரவும். நான் செய்தது இது: பூஞ்சைக் கேசட்டுகளை மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து நன்றாக உலரவிட்டேன். பூஞ்சை காய்ந்துவிட்டால் துடைத்தால் வந்துவிடும், ஈரமாக இருந்தால் நாடாவில் தேய்ந்து பூசிக்கொள்ளும். பிறகு முகமூடி போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே அஞ்சடி நடைபாதையில் உட்கார்ந்து, நூல் உதிராத துணியால் நாடாவை மெல்லத் துடைத்தபடியே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சுற்றினேன். மிளகாய், அப்பளம் எல்லாம் வெயிலில் காயவைத்துப் பழகிய கை, கேசட்டையும் வெயிலில் வைக்கத் தோன்றும். வேண்டாம். கூடு வளைந்துவிடும். அடுப்பில் வைத்துச் சூடு காட்டச் சொல்லும் யோசனைகளும் கண்ணில் படும். அது வேறு வகைப் பெரிய நாடாக்களுக்கு ஆய்வுக்கூடத்தில் செய்யும் சிகிச்சை. வீட்டுக் கேசட்டுக்கு அது தேவையில்லை.

கேசட்டின் நடுவில் நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் ஒரு சின்னக் கம்பளித் துண்டு இருக்கும். அதன் பசை காய்ந்து துண்டு விழுந்துவிடுவது பழைய கேசட்டுகளில் சர்வ சாதாரணம். அது இல்லாவிட்டால் ஒலி மங்கி மங்கி வரும். திருகு போட்ட நல்ல காலிக் கேசட் ஒன்றை வாங்கி, அதன் கூட்டுக்குள் பழைய சுருள்களை அப்படியே மாற்றி வைத்துவிடுவதுதான் எளிய வழி. திருகு இல்லாமல் ஒட்டிய கூடு என்றால் ஓரத்துப் பொருத்தில் மெல்லிய கத்தியை வைத்துப் பொறுமையாகப் பிளக்க வேண்டும். சுருளைக் கையில் எடுக்கும்போது பக்கவாட்டில் அழுத்தாதீர்கள். நடு கழன்று விழுந்தால் அதைத் திரும்பச் சுற்றுவது பெரும்பாடு.

இன்னொன்று, மறக்கக்கூடாதது: கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சின்னத் தாழ்களையும் உடைத்துவிடுங்கள். அவை இருக்கும்வரை பதிவு விசை அழுந்தும். பழைய நிரலின் மேல் வெறும் அமைதியைப் பதிந்துவிட ஒரு நொடி போதும்.

பிளேயர் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. இப்போது மலிவாகக் கிடைக்கும் யுஎஸ்பி கேசட் பிளேயர்களை இந்த வேலைக்கு நம்பாதீர்கள். பாட்டுக் கேட்கப் போதும். ஆனால் வேகம் தள்ளாடும் இயந்திரம் நேரத்தை அளக்கும் வேலைக்குப் பொருந்தாது. பழைய ஸ்டீரியோ செட்டின் கேசட் டெக் ஒன்று உறவுக்காரர் வீட்டிலோ பழைய சாமான் கடையிலோ கிடைக்கும். நான் எடுத்த டெக்கின் ரப்பர் பெல்ட்டுகள் உருகித் தார்போல ஒட்டிக் கிடந்தன. ஈப்போவில் ஒரு ரேடியோக்கடை தவுக்கே (முதலாளி) அதைப் பிரித்து, தாரை ஸ்பிரிட்டில் சுரண்டி எடுத்து, புது பெல்ட் மாட்டிக் கொடுத்தார். கூடவே ஹெட்டையும், நாடாவை இழுக்கும் உலோகத் தண்டையும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் துடைக்கக் காட்டினார். ஒவ்வொரு கேசட்டுக்குப் பிறகும் துடைக்க வேண்டும். பழுப்பு நிறத்தில் பஞ்சில் ஒட்டுவது நாடாவின் பூச்சு.

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து நேரே கணினிக்கு. ஆனால் மடிக்கணினியின் மைக் துளையில் சொருகாதீர்கள். அது பேச்சுக்காக ஒற்றைச் சேனலில், ஒலியைத் தானாகக் கூட்டிக் குறைக்கும்படி வைத்திருப்பது. லைன் உள்ளீடு உள்ள ஒரு சாதாரண யுஎஸ்பி ஒலிப்பெட்டி வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. விண்டோஸில் ஒலி அமைப்புக்குள் போய் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்று இருப்பதையெல்லாம் அணைத்துவிடுங்கள். அதில் இரைச்சல் நீக்கும் வசதி ஒன்று உண்டு. சீராக ஒரே சுருதியில் வரும் ஒலியை அது மின்விசிறிச் சத்தம் என்று எடுத்துக்கொண்டு அழிக்கப் பார்க்கும். நம் நிரலின் முன்னால் வரும் 'பீ' அப்படிப்பட்ட ஒலிதான். திரையில் அலை முதலில் தடிமனாகத் தெரிந்து, போகப்போக மெலிந்துகொண்டே வந்தால் நாடா கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் இந்த வசதிதான் தின்றுகொண்டிருக்கும்.

டெக்கில் இரைச்சல் குறைக்கும் டால்பி விசையை அணையுங்கள். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பதிவு செய்யுங்கள். மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகல் உள்ளே நுழைந்தால் அலையின் அடிக்கோடே மேலும் கீழும் ஆடும், கடக்கும் இடங்கள் தள்ளிப்போகும். பதிவுக்கு நான் ஆடாசிட்டி வைத்துக்கொண்டேன். இலவசம், எல்லாக் கணினியிலும் ஓடும். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், இரட்டைச் சேனல், வேவ் கோப்பு. அலையின் உச்சி மைனஸ் 6 டெசிபெல் பக்கம் நின்றால் போதும். நிமிடத்துக்குப் பத்து மெகாபைட் சொச்சம் ஆகும், அறுபது நிமிடக் கேசட் ஒன்று 635 மெகாபைட். இந்தக் காலத்தில் அது ஒன்றும் பெரிதில்லை. எம்பி3-இல் பதிவு செய்யாதீர்கள். காதுக்குக் கேட்காது என்று அது வெட்டி எறிவதெல்லாம் கடக்கும் நேரத்தைக் கலைக்கும்.

மாமாவின் ரெக்கார்டர் ஒற்றைச் சேனல். அப்புறம் எதற்கு இரட்டையில் பதிவு? ஒற்றைச் சேனல் ரெக்கார்டர் எழுதும் தடம், ஸ்டீரியோ டெக்கின் இரண்டு தடங்களையும் சேர்த்த அகலம். ஆகவே ஒரே நிரல் இடது வலது இரண்டிலும் வரும். நாடாவின் ஓரம் கசங்கியிருந்தால் ஓரத்தை ஒட்டிய சேனல்தான் அதிகம் அடிபடும், மற்றது தப்பித்திருக்கும். இரண்டையும் தனித்தனியாகப் படிக்கவைத்துப் பார்க்கலாம். ஆனால் இரண்டையும் கூட்டி ஒன்றாக்கிவிடாதீர்கள். ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், கூட்டினால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும்.

அந்தச் சாய்வுதான் இந்த வேலையின் உயிர்நாடி. டெக்கின் ஹெட் பக்கத்தில் இரண்டு திருகுகள் இருக்கும். ஒன்றின் கீழே ஸ்பிரிங் இருக்கும், பெரும்பாலும் மேலே ஒரு சொட்டு பெயின்ட் வைத்திருப்பார்கள். அதைத் திருப்பினால் ஹெட் நாடாவுக்கு நேராகவோ சாய்வாகவோ நிற்கும். தொழிற்சாலையில் நேராக வைத்த டெக்கில், தோட்டத்து வரவேற்பறையில் சாய்ந்த ஹெட்டால் பதிந்த கேசட் மந்தமாகத்தான் ஒலிக்கும். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது, மெலிந்த திருப்புளியால் அந்தத் திருகை வீணைக்குச் சுருதி சேர்ப்பது மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கேளுங்கள். ஓர் இடத்தில் கரகரப்பு சட்டென்று கூர்மையாகும், காதில் குத்தும். அதைத் தாண்டினால் மறுபடி மங்கும். அந்தக் கூர்மையான இடத்தில் நிறுத்திவிட்டு, தொடக்கத்துக்குச் சுற்றிப் பதிவைத் தொடங்க வேண்டும். மாமாவின் கேசட்டுகளிலேயே முதல் ரெக்கார்டரில் பதிந்தவை ஒரு சாய்வு, பிறகு வாங்கிய ரெக்கார்டரில் பதிந்தவை இன்னொரு சாய்வு. கேசட் மாற்றும்போதெல்லாம் காதால் தேட வேண்டியிருந்தது. வேலை எல்லாம் முடிந்தபின் கடையில் வாங்கிய பாட்டுக் கேசட் ஒன்றைப் போட்டு, அது நன்றாகக் கேட்கும்வரை திருகைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

பதிவைத் தொடங்கும் முன் கேசட்டை ஒருமுறை முழுக்க முன்னால் ஓட்டி, முழுக்கப் பின்னால் சுற்றிவிடுங்கள். ஒட்டிக் கிடந்த சுற்றுகள் பிரிந்து இழுவை சீராகும். பிறகு இரண்டு பக்கமும் கடைசி வரை ஓடவிடுங்கள். இடையில் நிறுத்தாதீர்கள். நல்ல பதிவு ஒன்று கைக்கு வந்துவிட்டால் அதை வைத்து எத்தனை தடவை வேண்டுமானாலும், எத்தனை வருஷம் கழித்து வேண்டுமானாலும் நிரலைப் பிரித்தெடுக்க முயலலாம். நாடாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. நேரம் குறைவாக இருந்தால் பிரித்தெடுப்பதை விட்டுவிடுங்கள், பதிவை மட்டுமாவது முடித்துவிடுங்கள்.

பிரித்தெடுக்க ஃபியூஸ் என்ற, இன்றைய கணினியை ஸ்பெக்ட்ரம் போல நடக்கவைக்கும் எமுலேட்டரோடு சேர்ந்து கிடைக்கும் கருவிகளே போதும். ஆடியோ2டேப் என்பது வேவ் கோப்பைப் படித்து டேப் கோப்பாக்கும். இதில் இரண்டு வடிவம் உண்டு. டிஏபி என்பது பைட்டுகளை மட்டும் வைத்திருக்கும். டிஇசட்எக்ஸ் துடிப்புகளின் நேரத்தையும் சேர்த்து வைத்திருக்கும், அது நகலெடுக்க முடியாதபடி பூட்டுப் போட்ட விளையாட்டுகளுக்குத் தேவைப்படுவது. வீட்டில் எழுதிய பேசிக் நிரலுக்கு டிஏபி போதும். கிடைத்த கோப்பை, வேகமாக ஏற்றும் வசதிகளை அணைத்துவிட்டு ஃபியூஸில் திறந்தால் திரையோரத்தில் முதலில் சிவப்பும் வெளிர்நீலமுமாக, பிறகு நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓடி, பழைய கணினியில் ஏறுவதுபோலவே ஏறும். லிஸ்ட்பேசிக் என்ற கருவி நிரலின் வரிகளை எழுத்தாகவே எடுத்துக் கொடுத்துவிடும்.

சரி, சரிபார்ப்பு பைட் ஒத்துப்போகவில்லை என்றால்? பழைய கணினியில் 'ஆர் டேப் லோடிங் எர்ரர்' என்று ஒரு வரி வரும், அதோடு கதை முடிந்தது. இப்போது நம் கையில் பைட்டுகள் இருக்கின்றன. முதலில் மற்ற சேனலைப் படிக்கவையுங்கள். அடுத்து, கேசட்டை மறுபடி ஓட்டிப் பதியுங்கள். ஒரு தடவை சறுக்கிய இடம் இன்னொரு தடவை சரியாக வருவதுண்டு. முனகல் இருந்தால் பதிவின் நகல் ஒன்றில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ் இருப்பதை வடிகட்டிப் பாருங்கள். மூலப் பதிவைத் தொடாதீர்கள்.

மாமாவின் பால் கணக்கில் இதெல்லாம் செய்தும் ஒரு பைட் மட்டும் அடம்பிடித்தது. அந்த இடத்தில் நாடாவிலேயே ஒரு மடிப்பு. எல்லா பைட்டுகளையும் சரிபார்ப்பு பைட்டோடு சேர்த்து எக்ஸ்ஓஆர் (பிட்டுக்குப் பிட் ஒப்பிட்டு, ஒத்தால் சுழியம், வேறுபட்டால் ஒன்று போடும் கணக்கு) செய்தால் சுழியம் வர வேண்டும், வந்தது 8. அதாவது எங்கோ ஒரு பைட்டில் எட்டின் இடத்துப் பிட் புரண்டிருக்கிறது. எந்த பைட் என்று அது சொல்லாது. வரிகளை எடுத்துப் படித்துக்கொண்டே போனபோது 60-ஆம் வரி கண்ணில் பட்டது. 'லெட் எம்=4=0' என்று இருந்தது. அப்படி ஒருவரும் எழுத மாட்டார்கள். சமக்குறியின் எண் 61. அதில் எட்டின் பிட்டைப் புரட்டினால் 53. அது '5' என்ற எழுத்தின் எண். ஆக 450.

ஊகம்தானே என்று கேட்கலாம். ஊகமே வேண்டியதில்லை, அதுதான் ஸ்பெக்ட்ரம் பேசிக்கின் அழகு. நிரலில் எழுதும் ஒவ்வோர் எண்ணையும் அது இரண்டு தடவை வைத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் எழுத்தாக ஒருமுறை, அதன் பின்னால் 14 என்ற அடையாள பைட் போட்டு, திரையில் தெரியாத ஐந்து பைட்டாக இன்னொரு முறை. கணக்குப் போடுவது அந்த மறைந்த ஐந்தை வைத்துத்தான். 60-ஆம் வரியில் அந்த ஐந்து பைட்டுகள் 0, 0, 194, 1, 0. ஒன்றை 256-ஆல் பெருக்கி 194-ஐக் கூட்டினால் 450. பால்மரம் வெட்டும் ஒரு வெட்டுக்காரருக்கு ஒதுக்கிய மரக் கணக்கு அது. மாமா அடித்த எண் நாடாவில் முழுசாக இருந்தது. பைட்டைத் திருத்தினேன், எக்ஸ்ஓஆர் சுழியமானது, நிரல் ஓடியது. அத்தை பத்திரப்படுத்தியிருந்த பழைய சம்பளத் துண்டு ஒன்றின் எடையையும் நாட்களையும் போட்டுப் பார்த்தேன். கடைசிக் காசு வரை ஒத்து வந்தது.

இன்னொரு கேசட்டில் 168 பைட் நீளமுள்ள சின்னச் சின்னத் துண்டுகள் வரிசையாக இருந்தன. 168 என்ற எண்ணைப் பார்த்ததும் சந்தோஷமாகிவிட்டது. ஸ்பெக்ட்ரமில் நாமே வரைந்துகொள்ள 21 எழுத்துகளுக்கு இடம் உண்டு. ஒவ்வோர் எழுத்தும் எட்டுக்கு எட்டுக் கட்டம், எட்டு பைட். 48கே கணினியில் நினைவகத்தின் கடைசியில், 65368-ஆம் இடத்திலிருந்து அவை உட்காரும். மாமா அங்கே தமிழ் எழுத்துகளை வரைந்து வைத்திருந்தார். ஒரு துண்டில் 0, 64, 64, 64, 64, 64, 126, 0 என்று இருந்தது. கட்டத்தில் போட்டால் இடதுபுறம் ஒரு நிமிர்ந்த கோடு, அடியில் ஒரு படுத்த கோடு: ட. அடுத்தது 0, 66, 66, 66, 66, 66, 126, 0. அது ப. ணகரத்துக்கும் ஞகரத்துக்கும் எட்டுக் கட்டம் போதாமல் இரண்டு இடத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார். 21 இடத்தில் தமிழ் அடங்காது என்பதால் பல தொகுதிகளாகப் பிரித்து, தேவைப்படும்போது மாற்றி மாற்றி ஏற்றியிருக்கிறார். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கத் தொடங்கியதும் அதே 1980-களின் நடுவில்தான். நாட்டின் தமிழ்க் கணிமை என்றால் அவர் பெயர் முதலில் வருவது சரிதான். அதே சமயம், ஒரு லயத்துப் பக்கத்து வீட்டில், கணினி படித்திராத ஒரு கிராணி, சதுரக் கோட்டுத் தாளில் 'ட' வரைந்து எண்ணாக மாற்றிக்கொண்டிருந்ததற்கும் இப்போது சாட்சி இருக்கிறது. தலைப்பையும் முன்னால் வரும் 'பீ' ஒலியையும் கழித்தால் அந்தத் துண்டு நாடாவில் ஒரு நொடிகூட ஓடாது.

மூலப் பதிவை வைத்துக்கொள்ளுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. மாமா ஒவ்வொரு நிரலுக்கு முன்னாலும் ரெக்கார்டரின் மைக்கில் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறார். "அடுத்தது பால் கணக்கு, புதுசு" என்று நிதானமான குரல். எண்ணும் கருவி இல்லாத ரெக்கார்டரில் இடத்தைக் கண்டுபிடிக்கப் பலரும் அப்படித்தான் செய்தார்கள். டிஏபி கோப்பில் அந்தக் குரல் இருக்காது. பிரித்தெடுக்கும் கருவிக்கு அது வெறும் குப்பை. வேவ் கோப்பில் மட்டும்தான் இருக்கும். இன்னொரு கேசட்டின் பின்பக்கத்தில் நிரல் முடிந்து கொஞ்ச நேரத்தில் பாட்டியின் பேச்சு, ஒரு வாக்கியத்தின் நடுவிலிருந்து தொடங்குகிறது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி பினாங்கில் இறங்கிய கதை. கேசட் விலை அதிகம், இருப்பதன் மேலேயே பதிந்திருக்கிறார்கள். கதையின் முன்பாதி நிரலுக்கு அடியில் போய்விட்டது, மீட்க வழியில்லை. பின்பாதி கிடைத்ததே, பக்கத்தைக் கடைசி வரை ஓடவிட்டதால்தான்.

உங்கள் கேசட் ஸ்பெக்ட்ரம் இல்லாமல் வேறு கணினியினுடையது என்றால் பதிவு செய்யும் முறை அதேதான், பிரிக்கும் கருவி மாறும். எம்எஸ்எக்ஸ் கணினி 1200, 2400 ஹெர்ட்ஸ் என்று இரண்டு சுருதியில் எழுதும். அதற்கு வேவ்2கேஸ் என்ற கருவி, கிடைப்பது கேஸ் கோப்பு. கொமடோர் 64 தனக்கென்று சொந்த ரெக்கார்டர் வைத்திருந்தது. அதன் வழக்கமான சேமிப்பு முறையில் ஒவ்வொரு துண்டையும் இரண்டு தடவை எழுதும் என்பதால் ஒன்று கெட்டாலும் மற்றது கைகொடுக்கும். அதற்கு ஆடியோடாப் என்று ஒரு கருவி உண்டு. அதன் கோப்பும் டிஏபி என்றே முடியும், ஆனால் ஸ்பெக்ட்ரமின் டிஏபிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டையும் ஒரே அடைவில் கலந்து வைக்காதீர்கள்.

வேவ் கோப்புகளை ஃப்ளாக் வடிவத்துக்கு மாற்றினால் இடம் குறையும், ஒரு துளியும் இழக்காது. அவற்றோடு ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு வையுங்கள்: எந்தக் கேசட், எந்தப் பக்கம், உறையில் எழுதியிருந்தது என்ன, எந்த டெக்கில் ஓட்டியது, எந்தத் துண்டு சரியாக வந்தது, எதைக் கையால் திருத்தியது. நான் 60-ஆம் வரியில் திருத்திய பைட்டும் அதில் இருக்கிறது. உறைகளையும் அட்டைகளையும் போட்டோ எடுத்து அதே அடைவில் போட்டுவிடுங்கள். வேறு வேறு வீட்டில் இருக்கும் வட்டுகளில் நகல் இருக்கட்டும். கேசட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். தொடக்கத்துக்குச் சுற்றி, நிமிர்த்தி வைத்து, சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில், ஸ்பீக்கருக்குத் தள்ளி வையுங்கள்.

கோப்புகளைப் பொதுவில் போடுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். மாமாவின் நிரல்களோடு தகவல் துண்டுகளும் இருந்தன: ஆட்களின் பெயர், அடையாள அட்டை எண், யாருக்கு எவ்வளவு முன்பணம், யார் எத்தனை நாள் வேலைக்கு வரவில்லை என்பதெல்லாம். அந்தக் குடும்பங்கள் இன்றும் இதே பட்டணத்தில்தான் இருக்கின்றன. நிரல்களையும் தமிழ் எழுத்துத் தொகுதிகளையும் யார் கேட்டாலும் கொடுப்பதென்று அத்தையும் நானும் பேசி வைத்திருக்கிறோம். பெயர்கள் உள்ள துண்டுகளைத் தனியாகப் பிரித்து, கடவுச்சொல் போட்டு, அத்தையின் மூத்த மகனிடம் கொடுத்தாயிற்று. தன் அப்பாவோ அம்மாவோ அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்று யாராவது வந்து கேட்டால், அவர்களுடைய வரியை மட்டும் அச்செடுத்துக் கொடுப்பார்.